ஏணி தந்தோம், எழுத்து தந்தோமா?

தோழா!

ஆறாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுவன் ஒருவனை அழைத்து, அவனுடைய மதிப்பெண் அட்டையிலே அச்சாகியிருக்கும் 'தேர்ச்சி' என்ற சொல்லைப் படிக்கச் சொல்லிப் பார். சிலர் பளிச்சென்று படிப்பர். சிலரோ 'தே' என்பர், நிறுத்துவர், 'ர்' என்பர், உன் முகத்தைப் பார்ப்பர். தேர்ச்சி பெற்ற பிள்ளை தேர்ச்சி என்ற சொல்லிலேயே தடுக்கி விழுவதைக் கண்ட பிறகும், மேடையேறி மொழிப்பற்றுப் பேச நமக்கு நா எழுமா?

மிகைப்படுத்துகிறேன் என்று எண்ணாதே. 'ஏசர்' என்னும் கிராமப்புறக் கல்வி ஆய்வு, தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டாம் வகுப்புப் பாடத்தை நீட்டிப் படிக்கச் சொன்னது. 2018-இல் நூற்றுக்கு 40 பேர் அளவிலே படித்தனர். பெருந்தொற்றால் பள்ளிகள் பூட்டிக் கிடந்ததற்குப் பின், 2022-இல், 25 பேர்! 2024-இல் நிலை ஓரளவு மீண்டது; எனினும் பாதிப்பேர்கூடத் தேறவில்லை. ஆய்வின் முறை பற்றி வழக்காடுவோர் உண்டு. வழக்காடட்டும், தம் தெருவிலுள்ள பிள்ளையை ஒரு பத்தி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்து வழக்காடட்டும்.

இதைச் சொன்னதும் ஒரு கூட்டம் துள்ளி எழும். "பார்த்தீர்களா, எல்லோரையும் தள்ளிவிட்டதன் விளைவை! ஐந்திலே ஒரு தேர்வு வை, எட்டிலே ஒரு தேர்வு வை, தோற்றவனை நிறுத்து!" என்று. 2019-இல் அப்படியொரு பொதுத்தேர்வு இங்கே அறிவிக்கப்பட்டு, எதிர்ப்புக் கிளம்பி, 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதியைத் திருத்தியபோது, தமிழ்நாடு ஏற்க மறுத்தது. மறுத்தது முறையே! அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று 1953-இல் வந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து, 1954-இல் அது வீழக் கண்டவர்களின் வழிவந்தவர் நாம். வடிகட்டியில் முதலில் தங்குவது யார் வீட்டுப் பிள்ளை என்று நமக்கா தெரியாது? அதே வகுப்பில் மீண்டும் உட்காரவைத்தால் எழுத்து தானாக வந்து ஒட்டிக்கொள்ளுமா? சென்ற ஆண்டு புரியாத பாடம் இந்த ஆண்டும் புரியாது. வெட்கம் ஒன்றுதான் மிச்சம்.

ஆனால் தோழா, மாற்றாரை மறுத்ததோடு நம் கடமை தீர்ந்ததா? 'யாரையும் நிறுத்தாதே' என்று முழங்கும் அதே தொண்டை, 'எல்லோருக்கும் படிக்கக் கற்றுக்கொடு' என்றும் முழங்கவேண்டாமா?

மூன்றாம் வகுப்பு வரை பிள்ளை எழுத்தைப் படிக்கிறது. அதற்குமேல் எழுத்தைக் கொண்டு அறிவியலையும் வரலாற்றையும் படிக்கவேண்டியிருக்கிறது. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' முதல் மூன்று வகுப்புகளை எடுத்துக்கொண்டு, பின்னர் நான்கு, ஐந்துக்கும் ஏறியது, வரவேற்போம். ஆறிலும் ஏழிலும் திணறுபவன்? அவன் கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதுவான். எழுதியதைப் படி என்றால் விழிப்பான். ஓவியம் வரைந்திருக்கிறான் ஐயா, ஓவியம்! ஆசிரியருக்கோ பாடத்தை முடிக்கும் அவசரம்.

எங்கே தடுக்குகிறது? 247 எழுத்து என்று மலைக்கவைக்கிறோம். 12 உயிரும் 18 மெய்யும் கூடும் முறை பிடிபட்டவனுக்கு மலை மடுவாகும். பிடிபடாதவனுக்கோ 'கொ' என்ற ஒன்றே வழக்கு: கொம்பு முன்னே நிற்கிறது, கால் பின்னே நிற்கிறது, ஒலியோ ஒன்று! பெரியார் 1935-இல் 'குடிஅரசு' ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டதும், அதை அரசு 1978-இல் ஏற்றதும், கற்பவன் சுமையைக் குறைக்கத்தானே? எழுத்தைத் தாண்டியவனை அடுத்து மறிப்பது நெடுஞ்சொல். 'கொண்டுவரப்பட்டிருக்கிறது' என்பதைக் கண்டால் முதல் இரண்டு எழுத்தைப் பிடித்து மீதியை ஊகிப்பான். கொண்டு, வர, பட்டு, இருக்கிறது என்று உடைத்துக் காட்டு. பிறகு சேர்த்துச் சொல்லச் சொல்.

நான் நாடகக்காரன், ஒத்திகையின் அருமை அறிந்தவன். ஒரே வசனத்தை இருபது முறை சொல்லும் நடிகனை எவரும் மக்கு என்பதில்லை. ஒரே பத்தியை மூன்றாம் முறை படிக்கும் சிறுவனை மட்டும் ஏன் ஏளனம் செய்கிறோம்? முதலில் நீ படி, அவன் விரல் வரியைத் தொடரட்டும். பிறகு இருவரும் சேர்ந்து. பிறகு அவன் தனியே. உரையாடலாக இருந்தால் இன்னும் நன்று. ஒருவன் அரசன், ஒருத்தி அமைச்சர் என்று பங்கு பிரித்துக் கொடு. பத்து முறை படிப்பார்கள், சலிக்காமல்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் குழந்தைப் பாடப்புத்தகத்தை நீட்டி நாணவைக்காதே. பள்ளிக் கல்வித்துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், 'நுழை, நட, ஓடு, பற' என்று படி வைத்துச் சிறு நூல்களை வெளியிட்டது, தலைமையாசிரியரிடம் கேள். நாளேட்டின் விளையாட்டுப் பக்கமும் ஆகும். எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோகிறானா என்று கவனி. குற்றம் கண்ணாடி இல்லாததிலும் இருக்கலாம். எத்தனை முயன்றும் எழுத்து பிடிபடாதவன் சோம்பேறியென்று தீர்ப்புக் கூறாதே. கற்றல் குறைபாடு என்று ஒன்றுண்டு, அதற்குத் தனிப் பயிற்சியும் உண்டு. பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்.

ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாப் பத்துப்பேர் சுற்றியமர்ந்து கேட்ட படிப்பகங்களில் வளர்ந்தது நம் இயக்கம். தேநீர்க் கடையும் முடிதிருத்தகமும் அந்நாளில் நமக்குப் பள்ளிகள். இன்று உன் ஊர்ப் படிப்பகத்தில் மாலையில் கேட்பது கேரம் காய்களின் ஓசை!

நாளை மாலை அந்தப் பலகையை ஒரு மணி நேரம் சுவரில் சாய்த்து வை. முதல் நாள் பாடம் எதுவும் நடத்தாதே. ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து, மற்றவர் காதில் விழாதபடி, ஒரு பத்தி படிக்கச் சொல். எழுத்திலே நின்றானா, நெடுஞ்சொல்லிலே நின்றானா, படித்தும் பொருள் விளங்காமல் நின்றானா என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள். மறுநாள் யாருக்கு எதைச் சொல்லித்தருவது என்று அந்தக் குறிப்பேடு காட்டும்.