பன்றி மேல் பழி

"நாங்க சுத்த சைவம் டாக்டர். எங்களுக்கு எப்படி அந்தப் புழு வரும்?"

வலிப்புக்கு ஸ்கேன் எடுத்து, மூளையில் நாடாப்புழுக் கட்டி என்று சொன்னால் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி இதுதான். பன்றி தின்கிறவர்களுக்கு மட்டும் வரும் வியாதி என்று ஒரு நினைப்பு. அதில் அறியாமை கொஞ்சம், ஜாதித் திமிர் நிறைய.

புழுக்கட்டி உள்ள பன்றிக்கறியைச் சரியாக வேகாமல் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மீட்டர் கணக்கில் நீளும், ஆனால் பெரும்பாலும் பெரிய தொந்தரவு தராது. டாக்டர் கொடுக்கும் ஒரு வேளை மாத்திரையில் போய்விடும். அதற்கு முன் அந்த ஆளின் மலத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் வெளியேறும். அவை கழுவாத கையிலோ, காய்கறியிலோ, தண்ணீரிலோ ஒட்டி யார் வாய்க்குள் போனாலும், அங்கிருந்து ரத்தம் வழியாக மூளைக்குப் போகலாம்.

ஆக, மூளையில் புழு வருவது கறி தின்று அல்ல, மலம் தின்று. அருவருப்பாக இருக்கிறதா? இருக்கட்டும். பன்றிக்கும் அது மனித மலத்திலிருந்துதான் வந்தது. நாம் கொடுத்ததைத்தான் அது திருப்பித் தருகிறது!

1992-ல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, நியூயார்க்கில் பன்றியைத் தொடவே தொடாத யூதர்கள் நாலு பேருக்கு இந்த வியாதி வந்ததைச் சொன்னது. வீட்டு வேலைக்கு வந்தவர்களின் குடலில் இருந்த புழு காரணமாக இருக்கலாம் என்றது. உடனே உங்கள் வேலைக்காரம்மா மேல் பாயாதீர்கள். அவருக்குக் கக்கூஸும் தண்ணீரும் இல்லாத ஊரை வைத்திருப்பது யார் குற்றம்?

இது எங்கோ நடக்கிற கதையும் இல்லை. வேலூர் மாவட்டத்தில் சி.எம்.சி. டாக்டர்கள் ஆராய்ந்து 2006-ல் வெளியிட்ட கணக்குப்படி, வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுதான் காரணம். உலக அளவில் 25 லட்சம் முதல் 83 லட்சம் பேர் வரை மூளையில் இதைச் சுமக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

நாம் என்ன செய்கிறோம்? 'வலிப்புக்காரி' என்று பெண்ணை வாழாவெட்டியாக்குகிறோம். வலிப்பு நோயைக் காட்டித் திருமணத்தையே ரத்து செய்ய இந்து திருமணச் சட்டத்தில் 1999 வரை இடமிருந்தது. சட்டம் திருந்திவிட்டது. மாமியார்கள்?

கீழே விழுந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்காதீர்கள். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அப்புறம் உங்கள் கவுன்சிலரைப் பிடித்து, உங்கள் தெருப் பள்ளிக்கூடக் கக்கூஸில் தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா என்று கேளுங்கள்.