குதிரில் கொஞ்சம், காட்டில் கொஞ்சம்

செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்றொரு சிற்றூர். அங்குள்ள நடுகல் ஒன்றில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். மாடு கவர வந்த கள்வரைக் கடித்துத் தலைவனோடு நின்ற அந்த நாய்க்கும் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், கல்லில் இடம் கொடுத்தார்கள். அந்த வட்டாரத்து நடுகற்களைப் படித்துக்கொண்டே போனால் ஆநிரை கவர்ந்ததும் மீட்டதுமாகவே வருகிறது. அன்றைய செல்வம் நான்கு காலில் நின்றது. கன்று ஈன்று தானே பெருகும். ஓரிரவில் வேறொருவன் ஓட்டிக்கொண்டு போகவும் கூடும். பெருக்கமும் இழப்பும் ஒரே பொருளில் குடியிருந்தன. அதைக் காக்க மனிதன் உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது.

செங்கத்துக்கு வடக்கே எழும் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றிய மலையாளிப் பழங்குடிச் சிற்றூர்களில், செல்வத்தை எப்படிக் காப்பது என்ற கேள்விக்கு வேறொரு விடை நெடுங்காலமாக நடைமுறையில் இருந்து வந்திருக்கிறது. சரிவில் சாமை, கேழ்வரகு, நாலைந்து ஆடு, வீட்டோரம் பலாவும் புளியமரமும், காட்டில் தேன், நெல்லி, கடுக்காய். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஆடு விரைவில் பெருகும், அவசரத்துக்குக் காசாகும், நோய் வந்தால் பட்டியோடு போகும். புளியமரம் காய்க்க ஆண்டுகள் ஆகும், காய்க்கத் தொடங்கிவிட்டால் பேரன் காலம் வரை உலுக்கலாம். தேன் அந்தந்த ஆண்டின் பூவையும் மழையையும் பொறுத்தது. சாமையோ மழை குறைந்தாலும் ஏதோ கொஞ்சம் தந்துவிடும். உமியோடு குதிரில் கிடக்கும் வரை ஆண்டுக்கணக்கில் கெடாது. உமியை நீக்கி அரிசியாக்கிவிட்டால் சில மாதங்களிலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். அதனால்தான் வேண்டிய அளவு மட்டும் அவ்வப்போது குத்திக்கொண்டார்கள். வளரும் பங்கு ஒரு பக்கம், அழியாத பங்கு ஒரு பக்கம் என்று யாரும் ஏட்டில் வகுக்கவில்லை; வீட்டின் அமைப்பே அப்படி இருந்தது. செங்கத்து நன்னனின் மலைநாட்டைப் பாடிய மலைபடுகடாம் தினை, வரகு, எள், அவரை, இஞ்சி என ஒரே நிலப்பரப்பில் பல விளைவுகளை அடுக்கிச் சொல்வதைப் படிக்கும்போது, இந்த ஏற்பாட்டின் வயது நமக்கு விளங்குகிறது. இதனால் அவர்கள் செல்வந்தர்களாகிவிடவில்லை. பசியும் வியாபாரியின் எடைக்கல்லும் அவர்களுக்குப் பழக்கமானவையே. ஆனால் ஒன்று போனால் எல்லாமே போய்விடும் என்ற நிலை மட்டும் வரவில்லை.

அந்த நிலையை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டை அரசின் உடைமையாக வேலியிட்டபோது, மலைக் குடும்பத்தின் சொத்தில் ஒரு பெரும் பகுதி அனுமதிச் சீட்டுக்கு உரியதாகிவிட்டது. சிறு வனப் பொருள்களின் மீதான உரிமை 2006இன் வன உரிமைச் சட்டத்தில்தான் தாளில் திரும்பி வந்தது. இடைப்பட்ட தலைமுறைகளில் சாமை சுருங்கியது, மரங்கள் குத்தகைக்குப் போயின, பல வீடுகளில் விற்பதற்கு உடலுழைப்பு ஒன்றே மிஞ்சியது. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழைகள். அந்தச் சாவுகளைக் குற்றச் செய்தியாக மட்டும் படித்து நகர்ந்துவிட்டோம். கூலி என்ற ஒரே சொத்தோடு விடப்பட்ட மனிதர்களின் பொருளாதார வரலாறாகவும் அவற்றைப் படித்திருக்க வேண்டும்.

சமவெளியில் நாம் மட்டும் என்ன கற்றுக்கொண்டோம்? 1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் நிறுவனம் முறிந்தது. வெள்ளைக்காரன் நிறுவனம், அசையாது என்று நம்பி அரசு ஊழியரும் விதவைகளும் மொத்தச் சேமிப்பையும் அங்கேயே வைத்திருந்தார்கள். அந்தக் காயத்திலிருந்து 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. கணக்கில் நம் நாட்டிலேயே தேர்ந்தவர்களான செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவில் கொடுத்த கடனுக்கு நிலம் ஈடு. 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாதபோது ஈடு அவர்கள் கைக்கே வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்களின் நிலவுடைமை, 1937 வாக்கில் 25 விழுக்காடாயிற்று. நிலத்தைவிடப் பத்திரமான பொருள் எது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். 1942இல் ஜப்பானியப் படை வந்தது. பிறகு சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கியது. செட்டிநாட்டின் பல குடும்பங்கள் அந்த அடியிலிருந்து எழவேயில்லை. திறமைக் குறைவால் வந்த வீழ்ச்சியன்று இது. ஒரே நாட்டில், ஒரே பயிரின் விலையில், ஒரே வகை ஈட்டில் தலைமுறைகளின் உழைப்பு குவிந்ததால் வந்தது.

ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்காத சொத்துகளைக் கலந்து வைத்தால் ஆபத்து குறையும் என்பதை 1952இல் ஹாரி மார்க்கோவிட்ஸ் கணிதமாக்கினார். 1990இல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. பரஸ்பர நிதித் திட்டத்துக்கு மல்டி அஸெட் ஃபண்ட் என்று பெயர் வைத்தால் குறைந்தது 3 வகைச் சொத்துகளில், ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 விழுக்காடு இருக்க வேண்டும் என்று 2017இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி விதித்தது. பங்கு வளர்ச்சிக்கு, கடன் பத்திரம் நிதானத்துக்கு, தங்கம் கெட்ட காலத்துக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கலவையும் சில ஆண்டுகளில் கைவிடும். 2022இல் அமெரிக்காவில் வட்டி ஏறியபோது பங்கும் பத்திரமும் சேர்ந்தே சரிந்தன. சென்ற ஆண்டு எது ஏறியதோ அதை நோக்கி எல்லோரும் ஓடுவதும், ஓடிய பிறகு அது இறங்குவதும் நம் தாத்தாக்கள் கண்ட காட்சிதான். இந்த மாதம் தங்கமா பங்கா என்ற விவாதம் அடுத்த மாதம் வேறு விவாதமாகிவிடும். எவ்வளவு வரை இழந்தாலும் குடும்பம் நிற்கும் என்ற கணக்கை ஒருவர் போட்டிருக்கிறாரா என்பதே நிலைத்த கேள்வி.

2023ஐ உலகம் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்துக் கடைகளில் சாமைக்கு மதிப்பு கூடியது. அந்த மதிப்பு ஜவ்வாது மலைக் குதிர்களைக் காலி செய்துவிட்டுப் போவதாக இருக்கக் கூடாது. மலையேறி வந்து நிதிக் கல்வி முகாம் நடத்தும் வங்கி அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேமிப்புக் கணக்கையும் காப்பீட்டையும் சொல்லுங்கள், அவை தேவை. அதற்கு முன், வீட்டில் விதைச் சாமை எவ்வளவு இருக்கிறது, புளியமரம் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். நகைக்கு ஈட்டுக் கடன் கொடுப்பது போலவே, உமியோடு சேமித்த சாமைக்கும் ஜமுனாமரத்தூரிலேயே கிடங்கு வைத்துக் கடன் கொடுங்கள். அறுவடை முடிந்த கையோடு கிடைத்த விலைக்கு அள்ளிக் கொடுக்கும் நிலை அவர்களுக்கு வேண்டாம்.