புளூஸ் மவுத் ஓர்கனும் பெரிய ஒலிபெருக்கியும்

புளூஸ் மவுத் ஓர்கன் வாசிப்பதற்குப் பெரிய ஒலிபெருக்கி வாங்கலாமா என்று கலஹா இளைஞர் ஒருவர் கேட்கிறார். வேண்டாம் என்பேன்.

முதலில் 'சி' சுருதியில் பத்துத் துளை வாத்தியம். மூச்சை உள்ளிழுத்து அதனை 'ஜி'யில் வாசிப்பதே புளூஸ் வழக்கம். நம்மவர் வீடுகளில் கிடக்கும் 'டிரெமலோ' இனிமையானதுதான். ஆனால் சுரத்தை வளைத்து இறக்க அநேகமாக இடம்தராது. மரச்சட்டமோ மலைநாட்டு ஈரத்தில் ஊதிக்கொள்ளும். பிளாஸ்டிக் சட்டமுடைய ஹோனர் 'ஸ்பெஷல் 20' போதும்.

1952இல் 'ஜூக்' பதிந்த லிட்டில் வோல்ட்டரின் கரகரப்பு, ஒலிவாங்கியையும் வாத்தியத்தையும் கைகளுக்குள் இறுகப் பொத்தி, வால்வு ஒலிபெருக்கியைத் திணறடித்துப் பெற்றது. ஐந்து வாட் கருவி அறைக்குள்ளேயே திணறும். பெரியது திணறுமுன் ஊளையிடும், அயலாரும் வந்துவிடுவர். மேடை ஒலிவாங்கியைக் கிற்றார் ஒலிபெருக்கியில் செருகுவதாயின் இடையே மின்மறுப்பு மாற்றியொன்று அவசியம். மிகுந்த பணத்துக்கு இன்னொரு சுருதியில் மவுத் ஓர்கன் வாங்கட்டும்.