‘பெற்றோர் மறுத்துவிட்டனர்’

சிகிச்சையின் நடுவே குழந்தையை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரிடம் மருத்துவமனைகள் ஒரு கையொப்பம் பெறுகின்றன. மருத்துவரின் அறிவுரைக்கு மாறாக, தம் சொந்த விருப்பத்தின் பேரில் வெளியேறுவதாக அப்படிவம் கூறும். எழுதத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைக்கிறார். முடிவெடுத்தவர் பெற்றோரே என்பது அத்துடன் ஆவணமாகிவிடுகிறது. அந்த ‘விருப்பம்’ எத்தகைய நெருக்கடியில் உருவானது என்று எழுத அங்கே இடமில்லை.

குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களுள் லுகேமியா எனும் இரத்தப் புற்றுநோயே மிகுதி. செல்வ நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர் என்றும், ஏழை, நடுத்தர வருவாய் நாடுகள் பலவற்றில் அது 30 விழுக்காட்டிற்கும் கீழே என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதற்கான காரணங்களுள் ஒன்றாக, சிகிச்சை பாதியில் கைவிடப்படுவதையும் அது குறிப்பிடுகிறது.

ஏன் கைவிடுகின்றனர் என்றால், ‘அறியாமை’ என்ற பதில் எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. சொல்பவருக்கு வசதியான பதில் அது. லுகேமியா கண்ட குழந்தைகளுள் பெரும்பாலோருக்குத் தேவைப்படும் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீள்வது. முதல் சில மாதங்கள் பெற்றோருள் ஒருவர் மருத்துவமனையை விட்டு நகர முடியாது. கீமோதெரபியால் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தால், சில மணி நேரத்துக்குள் மருத்துவமனையை அடைந்தாக வேண்டும். சேரியிலிருந்து அந்நேரத்தில் எந்த வண்டி கிடைக்கும்? பிறகு முடி வளர்கிறது, குழந்தை ஓடியாடுகிறது. ஆனால் மாத்திரைகளும் பரிசோதனைகளும் தொடர வேண்டும். நிலமற்ற விவசாயக் கூலிக்கோ, தூய்மைப் பணியாளருக்கோ ஒவ்வொரு பயணமும் இழந்த கூலி. வீட்டில் எஞ்சிய பிள்ளைகளின் சோறும் அக்கூலியில்தான் இருக்கிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதன் பயனைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயினும் அது மருத்துவமனைக்குச் சேரும் பணம். இழந்த கூலியை அது ஈடுசெய்வதில்லை.

சட்டமோ ஒப்புதலை மட்டுமே பார்க்கிறது. 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நலனுக்காகப் பாதுகாவலரின் ஒப்புதலுடன் நல்லெண்ணத்தில் செய்யப்படும் செயலுக்கு, இந்திய தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு பாதுகாப்பளித்தது. பாரதிய நியாய சம்ஹிதாவின் 27ஆம் பிரிவு அதைத் தொடர்கிறது. ஒப்புதல் தரும் பாதுகாவலரிடம் தேர்ந்தெடுக்க இரண்டு வழிகளாவது இருந்தனவா என்பது அதன் அக்கறைக்குள் வராத செய்தி.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. காசநோயாளிகளுக்கு நிக்‌ஷய் போஷன் யோஜனா 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கியது; 2024 நவம்பரில் அது 1,000 ஆனது. சிகிச்சையை முடிக்க மருந்து மட்டும் போதாது என்று அரசே ஒப்புக்கொண்டதற்கான சான்று அது. அதே நியாயத்தைப் புற்றுநோய்ச் சிகிச்சையிலுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு விரித்து, மருத்துவமனை நாட்களுக்குக் குறைந்தபட்சக் கூலியையேனும் வழங்கக் கோரலாம். சிகிச்சையை விட்டு வெளியேறிய குழந்தைகளின் எண்ணிக்கையை மாவட்ட வாரியாக, சாதி வாரியாக வெளியிடுமாறு கேட்பது அதற்கும் முந்தைய வேலை.