சிறு சேமிப்பும் பல பாங்கிக் கணக்குகளும்

செஞ்சிக் கோட்டைக்கு வடக்கே, தேசூருக்கு அருகில், சீயமங்கலம் என்னும் கிராமம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயில் அவ்வூரின் பெருமை. சுற்றிலும் நெல்லும் மணிலாவும் விளையும் பூமி. இத்தகைய கிராமங்களிலும் இந்நாளில் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பாங்கிக் கணக்குகள் இருப்பது அதிசயமன்று. 2014ஆம் வருஷத்தில் ஜன்தன் திட்டத்தில் திறந்த கணக்கு ஒன்று. பயிர்க் கடனுக்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒன்று. 2023 செப்டம்பரில் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வழங்கத் தொடங்கியபோது அதன் பொருட்டு மற்றொன்று. கணக்குகள் இவ்வாறு பெருகவே, எந்தப் பாங்கியில் வட்டி அதிகமோ அங்கே பணத்தை மாற்றி மாற்றி வைப்பது லாபமல்லவா என்ற கேள்வியும் பிறந்திருக்கிறது.

இக்கேள்வியைப் பேராசை என்று இகழ்வோர் உண்டு. நாம் அவர்களுடன் சேரோம். தன் பொருளுக்கு நியாயமான வட்டி கேட்பது நமது நாட்டில் பழைய வழக்கமேயாகும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளிக்கப்பட்ட காசுகள் பல ஊர்ச் சபைகளிடம் பிரித்து வைக்கப்பட்டன என்றும், காசு ஒன்றுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு பலிசை விதிக்கப்பட்டது என்றும் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. அதாவது நூற்றுக்கு 12½ வட்டி. முதலை ஓரிடத்திலே குவிக்காமல் பல இடங்களில் வைத்து, வட்டியையும் கல்லிலே வெட்டி ஊரறியச் செய்த முன்னோருக்குக் கணக்குத் தெரியாது என்று யார் சொல்வார்?

இந்நாளைய நிலைமையைப் பார்ப்போம். ஸேவிங்ஸ் கணக்குக்கு இன்ன வட்டிதான் என்று ரிசர்வ் பாங்கி நெடுங்காலம் விதித்து வந்தது. 2011 அக்டோபரில் அக்கட்டுப்பாட்டை நீக்கி, வட்டியை நிர்ணயிக்கும் உரிமையைப் பாங்கிகளுக்கே விட்டது. போட்டியால் சேமிப்போருக்கு நன்மை விளையும் என்று கூறப்பட்டது. விளைந்தது என்ன? சில தனியார் பாங்கிகளும், பின்னர் தோன்றிய சிறு நிதிப் பாங்கிகளும் வட்டியை உயர்த்தியது வாஸ்தவம். ஆனால் கிராமத்து ஏழையின் பணம் கிடக்கும் பெரிய பாங்கிகளோ வட்டியைக் குறைத்துக்கொண்டே வந்தன. ஸ்டேட் பாங்கி 2025 ஜூனில் தன் ஸேவிங்ஸ் வட்டியை நூற்றுக்கு 2½ ஆக்கிற்று.

இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. ஒரு லக்ஷம் ரூபாய் வரையிலுள்ள தொகைக்கு ஒரு பாங்கி தன் வாடிக்கைக்காரர் அனைவருக்கும் ஒரே வட்டி தரவேண்டும்; அதற்கு மேற்பட்டதற்குத் தொகைக்கேற்ப வேறு வட்டி தரலாம் என்பது 2011இல் செய்த ஏற்பாடு. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் காணும் நூற்றுக்கு 6, 7 என்னும் வட்டிகள் பெரும்பாலும் லக்ஷங்களை இருப்பு வைப்பவர்களுக்கே உரியவை. பெரிய தொகைக்குப் பெரிய வட்டி, சிறிய தொகைக்குச் சிறிய வட்டி! மணிலா விற்ற சொற்பப் பணத்தை வைத்துக்கொண்டு அந்த விளம்பரத்தை நம்பிச் செல்பவன் ஏமாந்தே திரும்புவான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு விவசாயி அறுவடைப் பணத்தில் 40,000 ரூபாயை அடுத்த பருவம் வரை ஆறு மாதம் வைத்திருப்பதாகக் கொள்வோம். நூற்றுக்கு 2½ வீதம் கிடைப்பது 500 ரூபாய். நூற்றுக்கு 4 கொடுக்கும் தபாலாபீஸ் ஸேவிங்ஸ் பாங்கியில் வைத்தால் 800 ரூபாய். வித்தியாசம் 300 ரூபாய். இதற்காக வந்தவாசிக்கோ செஞ்சிக்கோ இரண்டு முறை போய்வந்து ஒரு நாள் கூலியையும் இழந்தால் மிச்சம் ஏது? உள்ளூரிலேயே தபாலாபீஸ் இருந்தால் இந்த மாற்றம் தகும், இல்லையேல் தகாது.

மற்றொரு கணக்கையும் பார்க்கவேண்டும். ஒருவரிடம் ஒரு வருஷத்துக்குத் தேவைப்படாத 3 லக்ஷம் ரூபாய் இருக்கிறது. ஸேவிங்ஸ் கணக்கிலே கிடந்தால் நூற்றுக்கு 2½ வீதம் 7,500 ரூபாய். அதே பாங்கியில் தவணை டிபாசிட்டாக மாற்றி, வட்டி நூற்றுக்கு 6 என்று கொண்டால் 18,000 ரூபாய். புதிய கணக்குத் திறக்காமலே 10,500 ரூபாய் லாபம். ஆகவே பாங்கிக்குப் பாங்கி ஓடுவதைவிட, தூங்கும் பணத்தை இருந்த இடத்திலேயே தட்டி எழுப்புவது மேல் என்பது நமது அபிப்பிராயம்.

ஆயினும் பணத்தைப் பிரித்து வைக்க வட்டியைக் காட்டிலும் வலுவான காரணம் ஒன்றுண்டு, அதுவே பாதுகாப்பு. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது எத்தனையோ குடும்பங்களின் ஆயுட்காலச் சேமிப்பு அழிந்தது. அந்தத் துயரத்திலிருந்தே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் பாங்கி என்ற சுதேச ஸ்தாபனம் எழுந்தது. பழங்கதை என்று இதைத் தள்ளவேண்டாம். 1926இல் கரூரில் தோன்றிய லக்ஷ்மி விலாஸ் பாங்கியிலிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாது என்று 2020 நவம்பரில் தடை வந்ததை நாம் அறிவோம். சில நாட்களிலே அது டி.பி.எஸ். பாங்கியுடன் இணைக்கப்பட்டு டிபாசிட்தாரர்கள் தப்பினர். அந்தச் சில நாட்களில் வீட்டில் கல்யாணமோ வைத்தியமோ இருந்தவர்கள் பட்ட பாட்டுக்கு யார் வட்டி கொடுத்தார்கள்?

1962 முதல் நமது தேசத்தில் டிபாசிட்டுகளுக்கு இன்ஷ்யூரன்ஸ் உண்டு. ஆதியில் 1,500 ரூபாயாக இருந்த வரம்பு 2020 பிப்ரவரியில் 5 லக்ஷமாயிற்று. ஒரே பாங்கியின் பல கிளைகளில் வைத்தாலும் எல்லாம் சேர்த்து, அசலும் வட்டியும் உட்பட, ஒருவருக்கு இவ்வளவே. வேறு வேறு பாங்கிகளில் வைத்தால் தனித்தனியே இந்தப் பாதுகாப்புக் கிடைக்கும். ஆனால் கிராமத்து ஆரம்பக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் டிபாசிட்டுகளுக்கு இந்த இன்ஷ்யூரன்ஸ் கிடையாது. இதை நமது விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்வார் எத்தனை பேர்?

பல கணக்குகளால் வரும் தீங்கையும் மறைக்கலாகாது. அவற்றில் சிலவற்றில் குறைந்தபட்ச இருப்பு வைக்கவேண்டும், தவறினால் அபராதம். 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து வருஷங்களில் பொதுத்துறைப் பாங்கிகள் இவ்வகையில் வசூலித்த தொகை ஏறக்குறைய 8,500 கோடி ரூபாய். 2025இல் இந்தியன் பாங்கி முதலிய சில இந்த அபராதத்தைக் கைவிட்டன, அது பாராட்டத்தக்கதே. ஆனால் தனியார் பாங்கிகள் பலவற்றில் இது நீடிக்கிறது. மேலும், பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் டிபாசிட் ரிசர்வ் பாங்கியின் நிதிக்குப் போய்விடும். அவ்வாறு சேர்ந்த தொகை 2024 மார்ச்சு முடிவில் 78,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் எத்தனை விதவைகளின் பணம் அடங்கியிருக்குமோ! வீட்டுக்குத் தெரியாத கணக்கு, வாரிசின் பெயர் எழுதாத கணக்கு, வட்டி எவ்வளவு தந்தாலும் நஷ்டக் கணக்கே.

ஆகவே சேமிப்போருக்கு நாம் கூறும் யோசனை இது: வரவு செலவுக்கு ஒரு கணக்கு, அவசரத்துக்கு வேறு பாங்கியில் ஒரு கணக்கு, இவ்விரண்டு பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதும். உடனே தேவைப்படாததைத் தவணையில் போடுக. வாரிசின் பெயரைப் பதிவு செய்து, பாஸ் புஸ்தகம் இருக்குமிடத்தை மனைவி மக்களுக்குச் சொல்லுக. வீண் கணக்குகளை மூடுக.

இது நிற்க, சேமிப்போரைத் திருத்துவதோடு காரியம் முடிந்துவிடவில்லை. சிறு தொகைகள் திரண்டே தேசத்தின் மூலதனமாகின்றன. அத்தொகைகளைக் குறைந்த வட்டிக்கு வாங்கி அதிக வட்டிக்குக் கடன் கொடுக்கும் பாங்கிகளிடம் நாம் கேட்பது தர்மமன்று, நியாயம். லக்ஷத்துக்கு உட்பட்ட தொகைக்கு லக்ஷத்துக்கு மேற்பட்டதைவிடக் குறைந்த வட்டி கூடாதென்று ரிசர்வ் பாங்கி விதிக்கட்டும். வட்டி, அபராதம், இன்ஷ்யூரன்ஸ் வரம்பு ஆகியவற்றை ஒவ்வொரு கிளையின் வாயிலிலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும். இராஜராஜன் காலத்தில் கல்லிலே வெட்டி வைத்ததை இக்காலத்தார் ஒரு பலகையிலாவது எழுதி வைக்கக்கூடாதா?