வட்டைக் காணோம்!

"லினக்ஸ் நமக்கு ஒத்துவராத சரக்கு" என்று தீர்ப்புக் கூறும் நண்பர்கள் நம்மிடையே பலர் உண்டு. நேற்று வரை ஓடிய கணிப்பொறி இன்று கருந்திரையில் 'வட்டைக் காணவில்லை' என்று கூறி நின்றுவிட்டால் போதும். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவு" என்று அறிவுரை வந்துவிடுகிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வேலை இது என்பது என் கருத்து. மூன்றாண்டுகள் சேர்த்த பாடக் குறிப்புகளும் ஆய்வேடும் அந்த வட்டில்தானே இருக்கின்றன?

நடப்பது என்ன? வட்டுக்கும் கணிப்பொறியின் பிற பகுதிகளுக்கும் இடையே ஒரு கட்டுப்படுத்தி உண்டு. அது எந்த முறையில் இயங்க வேண்டும் என்பது பயாஸ் அமைப்பில் குறிக்கப்பட்டிருக்கும். இன்டெல் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட 'ஏ.எச்.சி.ஐ.' ஒரு முறை. லினக்ஸ் அதை நன்கறியும். மற்றொன்று 'ரெய்டு'. பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஆளவே அது பிறந்தது. ஆனால் ஒரே வட்டுள்ள மடிக்கணினிகள் பலவும் அந்த முறையிலேயே தொழிற்சாலையை விட்டு வெளிவருகின்றன. அப்போது சில இன்டெல் பொறிகளில் என்.வி.எம்.இ. வட்டு, கட்டுப்படுத்தியின் பின்னால் மறைந்துகொள்கிறது. கதவிலக்கத்தை மறைத்துவிட்டால் தபால்காரர் என்ன செய்வார்? லினக்ஸின் நிலையும் அதுவே.

"நேற்று ஓடியதே!" என்று கேட்கலாம். தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் நாணய மின்கலம் தீர்ந்தாலும், பயாஸைப் புதுப்பித்தாலும் நாம் மாற்றி வைத்த அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடக்கூடும்.

ஆகவே முறையாக ஆராய்வோம். பயாஸ் திரையிலேயே வட்டின் பெயர் இல்லையென்றால், வட்டையோ இணைப்பையோ சோதிக்க வேண்டும். பெயர் இருந்தால், யு.எஸ்.பி. வழியாக லினக்ஸைத் துவக்கி 'எல்.எஸ்.பி.எல்.கே.' என்னும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். வட்டு அங்கே தென்படாவிட்டால், கட்டுப்படுத்தியின் அமைப்பே முதலில் ஐயத்துக்குரியது. தென்பட்டும் நிறுவிய லினக்ஸ் மட்டும் எழவில்லையென்றால், துவக்கத்தில் ஏற்றப்படும் 'இனிட்ராம்எஃப்எஸ்' கோப்பில் தேவையான இயக்கி இல்லாதிருக்கலாம். அதை மீண்டும் உருவாக்கினால் போதும். இவற்றுள் எதற்கும் வட்டை அழிக்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. அதே வட்டில் விண்டோஸும் இருந்தால் அமைப்பைத் திடீரென மாற்றக் கூடாது. விண்டோஸ் எழாமல் போகலாம். முதலில் அதைப் பாதுகாப்பு முறையில் துவங்குமாறு செய்து, பிறகு அமைப்பை மாற்றி, ஒருமுறை துவக்கிய பின் இயல்பு முறைக்குத் திரும்ப வேண்டும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் மீட்புச் சாவி கையில் இருக்கட்டும். உண்மையிலேயே பல வட்டுகளை ரெய்டில் இணைத்திருப்போர் அமைப்பைத் தொடவே வேண்டாம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கோ சில வேளைகளில் கூடமே கோணல்! 2016-இல் லெனோவோவின் யோகா 900 வகை மடிக்கணினிகள் சிலவற்றில் ஏ.எச்.சி.ஐ.க்கு மாறும் வழியே பயாஸில் இல்லை. லினக்ஸை நிறுவ முயன்றோர் வட்டைக் காணாமல் திகைத்தனர். எதிர்ப்பு எழுந்த பிறகு, லினக்ஸ் பயனாளருக்கென அந்நிறுவனம் தனியொரு பயாஸை வெளியிட்டது. பணம் கொடுத்து வாங்கிய பொறியில் எந்த முறை என்று தேர்ந்துகொள்ளும் உரிமை வாங்கியவருக்கே உரியது. அதை மறைப்பதும் மறுப்பதும் முறையன்று.

உற்பத்தியாளர்கள் திருந்தும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? நம் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில் ஒவ்வொரு பொறியின் பயாஸ் அமைப்பையும் ஓர் அட்டையில் எழுதிப் பொறியின்மேல் ஒட்டி வைப்போம். பொறி நின்றுவிடும் நாளில் அந்த அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அழித்த ஆய்வேட்டை மீண்டும் எழுத ஓராண்டு போதுமா என்பதை நண்பர்களே எண்ணிப் பார்க்கட்டும்.