தொட்டால் உதிரும் வீடுகள்
2021 ஆகஸ்டில், சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் விரலால் சுரண்டினாலே சுவர்ப்பூச்சு மணலாய்க் கொட்டியது. புத்தம் புதிய வீடு. கட்டியதும் அரசு வாரியம்தான். 2014-இல் மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்ட பிறகும் இந்த லட்சணம்!

ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைக் கட்டுநரே 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம். நல்லதுதான். ஆனால், கலவையில் சிமென்ட் குறைவதும், போதிய நாள் தண்ணீர் விடாமல் அவசர அவசரமாகப் பெயின்ட் அடிப்பதும் வேலை நடக்கும்போதே கண்ணில் படுபவை. முடிந்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் கையெழுத்திட்ட பொறியாளர் அப்போது எங்கே போனார்? தளவாரியாகக் கலவைச் சோதனை முடிவுகளை வாசலில் ஒட்டட்டும். தேறாத தளத்துக்கு ஒப்பந்ததாரரின் பில் பாஸ் ஆகக் கூடாது.